பார்த்துக் கொடுங்க

போன மாதம் சித்தி மகன் போன் செய்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். "அக்கா, படிச்சுக்கிட்டே பார்க்கிற மாதிரி, கொஞ்சம் நல்ல காசு வர்ற வேலை எதாவது இருந்தா சொல்லுங்களேன்" என்றான். நானும் ட்யூஷன், நூலகம், ஆய்வகம், கோடிங், மொழிபெயர்ப்பு என்று வாய்க்கு வந்த வரிசையில் சொல்லி முடித்தேன். எழுதிக்கொண்டான் போலிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினான். போனை வைத்த பிறகு மனசு ஒட்டவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த ஒரு வேலையை நான் இரண்டு வருடம் பார்த்திருக்கிறேன். முதல் ஏழு மாதம் மிக மோசமான கூலிக்கு, அதன் பிறகு நல்ல கூலிக்கு. இடையில் வேலை மாறவில்லை, வீடு மாறவில்லை, சொல்லிக்கொடுத்த பிள்ளைகூட மாறவில்லை. அப்படியென்றால் எந்த வேலை என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்னது பாதி பதில்தான். மீதிப் பாதி அன்றிலிருந்து மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நானும் இரண்டாம் ஆண்டில் இருந்தபோதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த ட்யூஷன் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெண், வேதியியல். முதல் நாள் அவளுடைய அம்மா உட்காரச் சொல்லி, பாடத்தைப் பற்றி விசாரித்து, என் மதிப்பெண்ணைக் கேட்டு, கடைசியில் "நீ எவ்வளவும்மா எதிர்பார்க்கிறே?" என்றார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வழியில் இரண்டு முறை முணுமுணுத்துக்கூடப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு எதையோ சொல்லிவிட்டது. "நீங்க பார்த்துக் கொடுங்க ஆன்ட்டி."

பார்த்துக் கொடுத்தார். நான் மனதில் வைத்திருந்ததில் பாதி. "சரிங்க ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாவை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. பார்த்துக் கொடுங்க என்பதை நாம் மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம். தொகையைச் சொன்னால் காசுக்குப் பறக்கிறவள் என்று நினைப்பார்களோ, படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டுவிடுவார்களோ என்கிற பயம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? அவர் கண்ணுக்குத் தெரிவது நான் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம் மட்டும்தான். நான் எத்தனை மணிக்குக் கிளம்பினேன், முந்தின இரவு என்ன படித்துவிட்டு வந்தேன் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் நான்.

46 மணி நேரம்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று பேச்சு. மாதத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு வருவது மோசமில்லை என்றுதான் தோன்றும். அதே சமயம் எங்கள் நூலகத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை இருந்தது, திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவது, கவுன்ட்டரில் உட்காருவது. அங்கே ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது இதில் மூன்றில் ஒரு பங்குதான். யார் அங்கே போய் நிற்பார்கள் என்று நானே தோழிகளிடம் பேசியிருக்கிறேன்.

ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நேரம் எங்கேதான் போகிறது என்று தெரியாமல் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒரு மணி நேர வகுப்பு என்பது எப்போதோ ஒன்றே முக்கால் மணி ஆகியிருந்தது. போக வர 1 மணி 20 நிமிடம். மறுநாளைக்கான கணக்குகளைத் தேடி எடுத்து, நானே போட்டுப் பார்த்துவிட்டுப் போக 45 நிமிடம். கூட்டினால் ஒரு நாளுக்கு 3 மணி 50 நிமிடம். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள். 46 மணி நேரம்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு வாங்கிய காசை 46 மணி நேரத்துக்குப் பிரித்தால், மணிக்கு வருவது நான் நினைத்துக்கொண்டிருந்ததில் நான்கில் ஒரு பங்கு. நான் ஏளனமாகப் பேசிய அந்த நூலக வேலை மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஏசி அறையில், வகுப்பு முடிந்து நடந்தே போய், வேலை இல்லாத நேரத்தில் சொந்தப் பாடம் படிக்கக்கூடிய ஒரு வேலை, என் ட்யூஷனைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது, உண்மையாகவே.

இந்தக் கணக்கு எல்லோரும் போட வேண்டியது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. படிக்கிறவர்களிடம் விற்பதற்கு நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு அது சட்டத்திலேயே எழுதியிருக்கும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், கனடாவில் வளாகத்துக்கு வெளியே 24, ஜப்பானில் அனுமதி வாங்கிக்கொண்டு 28, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. உள்ளூரில் படிக்கிறவர்களுக்கு அப்படி எந்தக் கோடும் இல்லை, ஆனால் உடம்பு போடுகிற கோடு இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் பெரியா என்று ஒரு கல்லூரி. அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, பதிலுக்கு எல்லா மாணவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்துக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். எல்லோருமே வேலை பார்ப்பதால், படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க அது தோதான இடம். ரால்ஃப், டாட் ஸ்டைன்பிரிக்னர் என்ற ஆய்வாளர்கள் அந்த மாணவர்களை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட கட்டுரையில், வேலை நேரம் கூடக்கூட மதிப்பெண் கணிசமாக அடிவாங்குகிறது என்று காட்டினார்கள். அந்த ஆய்வைப் படிப்பதற்கு முன்னாலேயே என் மூன்றாம் செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எனக்கு அதைச் சொல்லிவிட்டது. நேரத்தைக் கூட்ட முடியாது என்றால் கூட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான், ஒரு மணி நேரத்துக்கான கூலி. அதைத்தான் நான் வாயே திறக்காமல் விட்டிருந்தேன்.

"முந்தி வந்த அக்கா"

தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தும் நான் எதுவும் செய்யவில்லை. இதுதான் உண்மை. இன்னும் ஒரு மாதம் அப்படியே போனேன், அதே காசை வாங்கினேன். ஒரு நாள் அந்தப் பெண் மோல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், ஆனால் அது டஜன் மாதிரி வெறும் ஓர் எண்ணிக்கை என்பது மட்டும் அவளுக்குள் இறங்கவே இல்லை. எனக்கும் பதினொன்றாம் வகுப்பில் அதே இடத்தில்தான் இடித்தது. அதனால் எங்கே இடிக்கும் என்று தெரியும். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லி, எண்ணையே எழுதாமல், டஜனை வைத்தே பத்துக் கணக்கு போட வைத்தேன். ஒன்பதாவது கணக்கில் அவளே "அக்கா, அப்ப மோலும் இதுதானா?" என்றாள். அந்த முகத்தை மறக்க முடியாது. அப்போதே நேரம் ஒன்றே முக்கால் மணியைத் தாண்டியிருந்தது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சந்தோஷத்தில் அவள் சொன்னாள், "நீங்க ரொம்ப நல்லவங்க அக்கா. முந்தி வந்த அக்கா ஒன்றரை மணி நேரம் ஆனா டான்னு எழுந்திரிச்சிடுவாங்க. அம்மா அவங்களுக்கு இதைவிட நிறைய கொடுத்தாங்க."

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். எனக்குத் தந்ததில் இரண்டரை மடங்கு.

முந்தி வந்த அந்த அக்கா எங்கள் துறையிலேயே எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். ப்ராஜெக்ட் வேலை கூடிப்போனதால் ட்யூஷனை விட்டிருந்தார். மறுநாளே ஆய்வகத்துக்கு வெளியே பிடித்துக் கேட்டேன். கேட்கும்போது கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டேன், அவர் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "தொகையை நான்தான் முதல்ல சொன்னேன். அவங்க கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. முதல் வகுப்பு இலவசம், ஆனால் முதல் வகுப்பு மட்டும்தான். வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் கிடையாது, இரண்டு நாள் ஒன்றரை மணி நேரம், பாடத்துக்கு அதே நேரம், பயணத்துக்கு மட்டும் ஒரு நாள் மிச்சம். முந்தின நாளே சொல்லாமல் வகுப்பை ரத்து செய்தால் அதுவும் கணக்கில் வரும். காசு மாதத் தொடக்கத்தில். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தடவை தயாரித்த கணக்குத்தாள்களைத் தேதி போட்டு ஒரு ஃபைலில் வைத்திருந்தார், அடுத்த பிள்ளைக்கும் அதே தாள்தான். "இதெல்லாம் சொன்னா கோச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன். "முதல் நாள் சொன்னா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. ஏழாவது மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாதான் கோச்சுப்பாங்க" என்றார். நான் அப்போது ஏழாவது மாதத்தில் இருந்தேன்.

அந்த வாரம் வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் பேசினேன். தாளில் எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமலே சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், தொகை இவ்வளவு. இப்போது வாங்குவதில் இரு மடங்கைச் சொன்னேன், இரண்டரை சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. சொல்லிவிட்டு, "இல்லைன்னா பரவாயில்லை ஆன்ட்டி" என்று சேர்க்க வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து விநாடி இருக்கும்.

"சரிம்மா" என்றார். அப்படியே திரும்பி, ஏதோ வேலையாக உள்ளே போய்விட்டார்.

நான் தயாராகப் போயிருந்தது மறுப்புக்கு. பேரம் பேசுவார், யோசித்துச் சொல்கிறேன் என்பார், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். சரி என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒற்றைச் சொல்தான் குடைந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரி என்கிறார் என்றால், அந்தக் காசு ஏழு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. அவர் மறைக்கவில்லை, பிடித்து வைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அன்றைக்கு இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது.

தாளை மறுபடி எடுத்தேன். வகுப்பு ஒன்றரை மணி, பயணம் 1 மணி 20 நிமிடம், பழைய கணக்குத்தாள்கள் கையில் இருந்ததால் தயாரிப்பு 20 நிமிடம். எட்டு நாளுக்குச் சேர்த்து 25 மணி 20 நிமிடம். 46 மணி நேரத்துக்கு வாங்கியதைப் போல இரு மடங்கை 25 மணி நேரத்துக்கு வாங்கினால், மணிக்கு வருவது மூன்றரை மடங்குக்கும் மேலே. அந்தப் பெண்ணுக்கோ பாட நேரம் முதலில் பேசிய அதே பன்னிரண்டு மணிதான், நான் தூங்கி வழியாமல் வந்ததால் பாடம் இன்னும் நன்றாகவே நடந்தது.

சரி, எந்த வேலை?

தம்பி கேட்டது நியாயமான கேள்விதான், அதையும் தள்ளிவிடக் கூடாது. கேட்கத் தெரிந்தாலும், கேட்டால் கிடைக்கிற வேலை, கிடைக்காத வேலை என்று இருக்கத்தான் செய்கிறது. பரிமாறுவது, பொட்டலம் கட்டுவது, டெலிவரி போன்றவற்றில் கூலி ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கும், நீங்கள் மறுத்தால் அடுத்த ஆள் வரிசையில் நிற்பார். அந்த வேலைகள் கேவலம் என்று நான் சொல்லவே மாட்டேன், அவசரத்துக்கு அவைதான் கைகொடுக்கும். ஆனால் விலை சொல்லும் இடம் அங்கே இல்லை.

மாணவர்களுக்கு விலை சொல்லும் இடம் இருப்பது, போன வருடம்தான் கற்றுக்கொண்ட ஒன்றில் என்பது என் அனுபவம். பெரிய பேராசிரியருக்கு மோல் எங்கே இடிக்கும் என்று நினைவிருக்காது, எனக்கு இருந்தது. ட்யூஷன் நன்றாகக் காசு கொடுப்பது அதனால்தான். கோடிங்கும் அப்படி. சிறிய நிறுவனங்களுக்கு இணையதளத்தைப் பராமரித்துக் கொடுப்பது, எக்செல் கோப்பில் கையால் செய்யும் வேலையைத் தானாக நடக்க வைத்துக் கொடுப்பது எல்லாம் மூன்றாம் ஆண்டு மாணவரால் முடிகிற வேலை, அவர்களுக்கோ பெரிய தலைவலி. அங்கே மணிக்கணக்குப் பேசுவதைவிட வேலைக்கு இவ்வளவு என்று பேசுவது நல்லது, கை வேகம் கூடக்கூட லாபம் நம் பக்கம் வரும். மொழிபெயர்ப்பும் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவதும் முன்பு நல்ல வருமானம் தந்தவை. இப்போது எந்திரம் முதல் வரைவைத் தந்துவிடுகிறது, திருத்துவதற்கு மட்டும் என்று கூலியைக் குறைத்துக் கேட்கிறார்கள். மருத்துவம், சட்டம் என்று ஒரு துறை மொழி தெரிந்திருந்தால் மட்டும் அதில் இறங்கலாம்.

ஒரு சான்றிதழ் கூலியை உயர்த்துகிற வேலைகளும் உண்டு, நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் மாதிரி. யாரும் விரும்பாத நேரம் கூலியை உயர்த்தும். ஹோட்டல் வரவேற்பில் இரவுப் பணி பார்த்த ஒரு தோழன், நள்ளிரவுக்குப் பிறகு யாரும் வராததால் படிப்பு முழுவதையும் அங்கேயேதான் படித்தான். காலை வகுப்பில் தூங்கியதும் அவன்தான், அதையும் சொல்ல வேண்டும். வளாகத்துக்குள் கிடைக்கும் ஆய்வக உதவி, நூலகம், தேர்வு மேற்பார்வை, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் குறிப்பெடுத்துத் தருவது போன்றவற்றில் கூலி சிறியதாகத் தெரியும். பயணம் பூஜ்யம், தேர்வு வந்தால் நேரத்தை மாற்றித் தருவார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது படிப்போடு பின்னிய வேலை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906இல் ஹெர்மன் ஷ்னைடர் பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பத் தொடங்கினார், சம்பளத்தோடு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே அந்த முறையோடுதான் தொடங்கியது. இன்றைக்கும் அங்கே நான்கு மாதப் படிப்பு, நான்கு மாத வேலை என்று போகிறவர்கள் ஏராளம். அப்படி ஒரு வாய்ப்பு உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால், இன்றைய கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் நீங்கள் சொல்லப்போகும் தொகையை அது உயர்த்திவிடும். சம்பளமே இல்லை, அனுபவம்தான் சம்பளம் என்று சொல்கிறவர்களிடம் மட்டும் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மணி நேர வரம்புக்குள் இருந்தால் எந்த வேலையும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை, தனியாக ட்யூஷன் எடுத்துக் காசு வாங்குவதும் அதில் சேர்ந்துவிடும். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் வருடம் வளாகத்துக்குள் மட்டும்தான் வேலை. விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கூட இருக்கிறவர்கள் சொல்வதை வைத்து இறங்காதீர்கள்.

தொடக்கூடாத காசு

மூன்றாம் ஆண்டில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. வேறு பல்கலைக்கழக மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக்கொடுக்க வேண்டும், ஒரு கட்டுரைக்குக் கிட்டத்தட்ட என் ஒரு மாத ட்யூஷன் காசு. அப்போதுதான் விலை சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன், சபலம் வராமல் இல்லை. ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுத்தேன், முக்கியமாக அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்ததால். மோல் புரிந்த அந்த நிமிடத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, விடையை மட்டும் நான் எழுதிக்கொடுத்தால் அது என்ன வேலை? சட்டமும் இப்போது இறுகிவிட்டது. ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இப்படிக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரும் சேவையைக் குற்றமாக்கிவிட்டன.

உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை வேறொருவருக்கு அனுப்பினால் கமிஷன் என்று சொல்லும் வேலையும் மாணவர்களைக் குறிவைத்துத்தான் வருகிறது. வரும் பணம் பெரும்பாலும் யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்தது. கணக்கு முடங்கும், போலீஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரரைத்தான். வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிறவர்கள், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று முதலில் கொஞ்சம் தந்துவிட்டுப் பிறகு நம்மிடம் கட்டச் சொல்கிறவர்கள், எல்லோரும் ஒரே இனம்தான். ஒரு அடையாளம் போதும். உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவே மாட்டார்கள்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன். அவனுக்கும் ஒரு ட்யூஷன்தான் அமைகிற மாதிரி இருக்கிறதாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, புதன்கிழமை போய்ப் பேச வேண்டும். பயணம், தயாரிப்பு எல்லாவற்றையும் போனிலேயே கூட்டச் சொல்லி ஒரு தொகைக்கு வந்தோம். "சரி, நான்தான் அந்த அம்மா. இப்ப சொல்லு" என்றேன். சிரித்தான். முதல் முறை தொகையைச் சொன்னதும், மூச்சு விடாமல் "இல்லைன்னா நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று முடித்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. இன்னொரு தடவை சொல்லு என்றேன். அதிலும் கடைசியில் "முடிஞ்சா" என்று ஒட்ட வைத்தான். மூன்றாவது தடவை தொகையை மட்டும் சொன்னான். நான் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனைக் காதில் அழுத்தினேன். அவன் மூச்சு மட்டும் கேட்டது. ஐந்து வரை எண்ணினேன், ஆறு, ஏழு. அவன் எதையும் சேர்க்கவில்லை.